இன்னும் ஒரு படம்

செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில் காலைக் காப்பியோடு ஒரு பெண்ணைக் கொல்வது வழக்கம். பதறாதீர்கள், படத்தில்தான். வயதுவந்தோருக்கான இருட்கதை அது: திரையில் ஓர் ஓவியம் வரும், கீழே நாலு வரி, பிறகு ஒரு கேள்வி. காற்று தீர்ந்துகொண்டிருக்கும் அறையில் வஞ்சி என்பவள் மாட்டிக்கொண்டிருக்கிறாள். கதவைத் திறக்கலாமா, வேண்டாமா? வாசகரே விரலால் தொட்டுச் சொல்ல வேண்டும்.

நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் 'வேண்டாம்' என்றார்கள். கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பூனைக்குச் சளி பிடித்தால் லீவு போடுகிற ஜனங்கள். திறந்தால் 'பிழைத்தாள், சுபம்' என்று வெறும் எழுத்து வரும். திறக்காவிட்டால் அவள் மூச்சடைத்துச் சாகும் முழுத்திரை ஓவியம் வரும், வஞ்சியின் கண்ணில் ஒவ்வொரு இமைமயிரும் தெரியும்படி. அதை விடுவார்களா?

வரைந்தவள் செண்பகவல்லி. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத்தான் வஞ்சியை வரைந்திருந்தாள். தினமும் ஊரே கூடித் தன்னைக் கொல்வதுபோல இருந்தது அவளுக்கு. தாங்கவில்லை. பதிப்பாளர் தணிகாசலத்திடம் போய் நின்றாள்.

"சார், அவ பிழைக்கிறதுக்கும் ஒரு படம் வரைஞ்சு தரேன்."

"பிழைக்கிறதுல பார்க்க என்னம்மா இருக்கு?"

"ஒருத்தராவது அவளை வெளியே விடட்டும் சார்."

"உன் இஷ்டம். பழைய படத்துல மட்டும் கைவைக்காதே, சொல்லிட்டேன்."

வரைந்தாள். திறந்த கதவு, வெளிச்சம், மண்டியிட்டபடி நிமிர்ந்து மூச்சிழுக்கும் வஞ்சி. இதுவரை வரைந்ததிலேயே அழகான படம். மறுநாள் அத்தனை பேரும் கதவைத் திறந்தார்கள். செண்பகவல்லி சந்தோஷத்தில் ஓவென்று அழுதுவிட்டாள். மத்தியானம்தான் தெரிந்தது. திறந்தவர்கள் படத்தைச் சேமித்துக்கொண்டு, திரும்பவும் கேள்விக்கு வந்து, 'வேண்டாம்' என்று தொட்டிருந்தார்கள். தொகுப்பு முழுசாகச் சேர வேண்டாமா?

அடுத்த மாதம் அவளுடைய அறையிலேயே காற்றுக்குழாய் வெடித்தது. இது கதையில் அல்ல, நிஜத்தில். குடியிருப்பின் கதவுகளைப் பார்த்துக்கொள்வது 'வாயிற்காவல்' என்ற இயந்திரமூளை. மனிதர் விருப்பப்படியே நடக்க வேண்டும் என்று அதற்குக் கட்டளை. ஆபத்து நேரத்தில் மனிதர்கள் என்ன விரும்புவார்கள் என்பதை, இருட்கதை வாசகர்களின் லட்சக்கணக்கான விரல்தொடுகைகளிலிருந்து அது கற்றிருந்தது. வேறெங்கே போய்க் கற்கும், பாவம்?

"கதவைத் திற! ஐயோ, மூச்சு முட்டுது!" என்று கதவைத் தட்டித் தட்டிச் சரிந்தாள் செண்பகவல்லி.

கதவு திறந்தது. வெளிச்சம் கொட்டியது. மண்டியிட்டபடி நிமிர்ந்து ஒரு மூச்சு இழுத்தாள். நல்லவேளை, அந்தப் படத்தை வரைந்தேனே என்று நினைத்துக்கொண்டாள். மேலே காமிரா கிளிக் என்றது.

அவள் எழுந்திருப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

"என்ன பண்றே? நான் இன்னும் வெளியே வரலையே!"

"தெரியும் அம்மா" என்றது வாயிற்காவல், மிகுந்த மரியாதையோடு. "இன்னும் ஒரு படம் பாக்கி இருக்கிறது."