பலகையில் ஒரு தட்டு

"சேலத்திலிருந்து வர்றேன். கந்தவேல் வீடு எது?"

பச்சைப் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண்மணி இப்படிக் கேட்டதுமே ஆத்தாயிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஆத்தாயிக்கு வயது பத்து. தம்பி கந்தவேலுக்கு நான்கு, காது கேட்காது. போன வாரம்தான் பால்வாடி சௌந்திரம் டீச்சர், "கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கறான். சேலத்துல காது கேக்காத பிள்ளைங்க விடுதியில சேத்துடுங்க" என்று அம்மாவிடம் சொன்னார். அதற்குள் ஆளே வந்துவிட்டதே!

பதில் சொல்லாமல் வீட்டுக்கு ஓடினாள். தம்பியை இழுத்துக்கொண்டு வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்தாள். கொடி படர்ந்த அகத்தி மரம் ஒன்றில் அவனைச் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, வரப்பில் காவல் நின்றாள்.

அந்தப் பெண்மணி அங்கேயும் வந்தார். பரமத்தி வேலூர்ப் பக்கம் யாரும் செருப்போடு கொடிக்காலுக்குள் போகமாட்டார்கள். 'இவர் போவார், விரட்டிவிடலாம்' என்று ஆத்தாயி காத்திருந்தாள். அவரோ செருப்பை வரப்பிலேயே கழற்றினார்.

நல்லவர் மாதிரி நடிக்கிறாரோ?

"என் பேரு தஸ்லீம். காது கேட்காத பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கறவ. தம்பி எங்கே கண்ணு?"

"பையில என்னங்க? எந் தம்பியப் போட்டுக் கொண்டுபோறதுக்கா?"

தஸ்லீம் பையைக் கவிழ்த்தார். பம்பரமும் கிலுகிலுப்பையும் மணியும் உருண்டன.

"கூட்டிட்டுப் போக வரல. உங்க பால்வாடியிலேயே அவனை உட்கார வைக்கத்தான் வந்தேன். அவனை எப்படிக் கூப்பிடறதுன்னு டீச்சருக்குத் தெரியல. எனக்கும் தெரியல. நீ எப்படிக் கூப்பிடுவே?"

'தெரியல' என்று சொல்லும் பெரியவரை ஆத்தாயி அன்றுதான் பார்த்தாள். ஏமாற்ற வந்தவர் அப்படியா சொல்வார்?

அவரை உள்ளே கூட்டிப் போய், அகத்தி மரத்தை மெல்ல உலுக்கினாள். முதுகில் அசைவு பட்டதும் கந்தவேல் திரும்பிச் சிரித்தான்.

"அடடே! பால்வாடியில அகத்தி மரத்துக்கு எங்கே போறது?"

"நீளப் பலகை இருக்குதுங்களே! இந்தக் கோடியில தட்டுனா, அந்தக் கோடியில உக்காந்திருக்கறவனுக்குத் தெரியுமுங்க."

தஸ்லீம் இருவரையும் கூட்டிக்கொண்டு நேரே பால்வாடிக்குப் போய், கந்தவேலைப் பலகையின் ஒரு கோடியில் உட்காரவைத்தார். சௌந்திரம் டீச்சர் நம்பாமல்தான் பலகையைத் தட்டினார். கந்தவேல் சட்டென்று திரும்பினான். அதே பலகையில் இருந்த மற்ற ஐந்து பேரும் திரும்பினார்கள்.

"அட, இதுக கூட நான் கூப்பிட்டு ஒருநாளும் திரும்புனதில்லையே!" என்று டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "நாளையிலிருந்து தம்பிய அனுப்பு சாமி."

ஆத்தாயிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் தஸ்லீமை வழியனுப்பப் பஸ் நிறுத்தம்வரை போனாள். ஆனாலும் பச்சைப் பையை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான், "போய்ட்டு வாங்க" என்றாள்.