மாயவனின் கட்டைவிரல்

டெலிபோன் அலறியது.

வக்கீல் கோதண்டபாணியின் விருத்தாசலம் ஆபீஸ். 2006. காலை பத்து மணி. சுற்றுச்சூழல் வழக்குகளில் பயிற்சி பெற வந்திருந்த சட்டக்கல்லூரி மாணவி இளமதி ரிசீவரை எடுத்தாள். மறுமுனையில் சக மாணவன் அறிவழகன்.

"இளமதி... மாயவன் கைநாட்டு வச்சிருக்காரு."

"எப்போ?"

"போன செவ்வாய்க்கிழம."



மாயவன் மண்ணுக்குள் போய் மூன்று மாதம்!

பீங்கான் கம்பெனி களிமண்ணுக்காக அனுமதியை மீறித் தோண்டிய பள்ளம் அது. கரை சரிந்தது. பக்கத்து அரை ஏக்கர்க்காரனும் அதே கம்பெனியில் அகல் விளக்கு செய்பவனுமான மாயவன் அதோடு போனான். உடல் கிடைக்கவில்லை. 'கேரளாவுக்கு ஓடிட்டான்' என்று கம்பெனி கை கழுவியது.

இப்போது, 'என் நிலத்திலும் தோண்டலாம்' என்று அவன் பெயரில் ஒரு ஒப்புதல் பத்திரம். கம்பெனிமேல் கோதண்டபாணி நடத்தும் வழக்கின் நாளைய விசாரணையில் இது நின்றால் நிலமும் போச்சு... வழக்கும் போச்சு.

பத்திரத்தோடு அறிவழகன் வந்தான். பின்னாலேயே மாயவனின் மனைவி கொளஞ்சியம்மாள். அதே கம்பெனியில் சூளை அடுக்குபவள். நெற்றிப் பொட்டை இன்னும் அழிக்காதவள்.

"அவரு ரேகதாங்க. அருவா வெட்டுத் தழும்பு இருக்குது பாருங்க. உசுரோட இருக்காரு..."

"அப்புறம் என்னம்மா? கேஸ வாபஸ் வாங்கிடுவோம்" என்றார் கோதண்டபாணி.

இளமதி பழைய கிரயப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்தாள்.

"ரெண்டும் ஒரே ரேகதான் சார். ஆனா புதுசுல எல்லாமே சின்னதா இருக்குது. தழும்பு கூட."

கொளஞ்சியம்மாளின் முகம் வெளிறியது. சூளைக்காரிக்குத்தான் முதலில் புரிந்தது.

"சுட்டா மண்ணு சுருங்கும்ங்க. அவரு செய்யுற அகலுக்கு அடியில, அடையாளத்துக்குக் கட்ட வெரல அழுத்துவாரு..." குரல் உடைந்தது. "அப்ப இது அவரு வெச்சது இல்லீங்களா?"

பாவம், ஒரு மணி நேரம்தான் அவளுக்குப் புருஷன் திரும்பக் கிடைத்திருந்தான்.

"வெரல் குழியில ரப்பர் ஊத்தி அச்சு எடுத்திருக்காங்க" என்றான் அறிவழகன். "ஆனா அவரு செஞ்ச சரக்கெல்லாம் வித்துப் போச்சு. மிச்சம் ஒரே ஒரு அகலு. அங்க வேல பாத்ததுக்கு ஆதாரம்னு நாமதான் வாங்கி..."

நிறுத்தினான்.

வாங்கி, சீனியரின் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி சீனியரிடம்!

"சாவி குடுங்க சார்" என்றாள் இளமதி.

கோதண்டபாணி அவள் முகத்தைப் பார்க்காமல் சாவியை நீட்டினார். பீரோ திறந்தது. அகலின் அடிக்குழியில் ரப்பர் துணுக்கு ஒட்டியிருந்தது.

கொளஞ்சியம்மாள் அந்தக் குழியில் மெல்லத் தன் விரலை வைத்தாள். அழுதாள்.

இளமதி போலீசுக்குப் போன் போட்டுவிட்டு ஒரு தாளை நீட்டினாள்.

"எங்க ட்ரெயினிங் சர்டிபிகேட் சார். ஜீப்பு வர்றதுக்குள்ள கையெழுத்துப் போட்டுடுங்க... கைநாட்டு வேணாம்."