கோபாலசாமியின் பெருவிரல்

பிணவறைக்குள் தலைவலித் தைலத்தின் வாடை அடித்தது. அருள்முருகன் வாசலிலேயே நின்றுவிட்டான். துபாய் ஜெபல் அலி கேம்ப்பில் டூட்டி முடிந்து வந்ததும் கோபாலசாமி அண்ணன் நெற்றியில் அப்பிக்கொள்ளும் அதே பச்சைத் தைலம். ஆறு நாளாகக் குளிர்பெட்டிக்குள் கிடக்கும் உடம்பிலிருந்து, பினாயில் நெடியையும் இரும்பின் குளிரையும் தாண்டிக்கொண்டு அது எப்படி வரும்?

"பாய், இங்க யாராச்சும் தைலம் தேச்சீங்களா?"

பிணவறைப் பொறுப்பாளர் லுக்மான், கீழக்கரைக்காரர், மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "எனக்கு ஒரு வாடையும் தெரியாது தம்பி. பன்னெண்டு வருஷமாச்சு இங்க. வேட்டி சட்டை கொண்டாந்தியளா?"

கொண்டுவந்திருந்தான். ஊருக்கு அனுப்பும் உடலுக்குப் புது வேட்டி சட்டை வாங்கி வருவதும், முகம் பார்த்துக் கையெழுத்துப் போடுவதும் ரூம்காரர்கள் வேலை. மற்ற ஐந்து பேரும் டூட்டியைச் சாக்குச் சொல்ல, இவன் நானே போகிறேன் என்று முந்திக்கொண்டான். பாசம் என்று நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும். வேட்டிக்கு அடியில் பக்கத்து ரூம் நூஹுவிடம் இரவல் வாங்கிய லேப்டாப் இருந்தது; சட்டைப் பையில் கோபாலசாமியின் பென் டிரைவ்.

எரிச்சல் எரிச்சலாக வந்தது அவனுக்கு, செத்தவர் மேலேயே. அந்த ரூமில் எல்லாமே யாராவது ஒருவர் பெயரில்தான் நடக்கும். கேஸ் சிலிண்டர் ஒருவர் பெயர், டிவி டிஷ் இன்னொருவர் பெயர். அதே பழக்கத்தில்தான் அவர்கள் 'நெட் தங்கம்' என்று சொன்ன இன்டர்நெட் காசும் கோபாலசாமி பெயரில் போனது. பேங்க் வேண்டாம், கமிஷன் வேண்டாம், சாவி என்று ஒரு ஃபைல் கையில் இருந்தால் உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் காசு நம்முடையது என்று அவர் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். போட்டவன் என்னவோ இவன் ஒருவன்தான். ஏழு வருஷச் சேமிப்பு. அண்ணன் அந்தச் சாவியை, தேரா கடைத்தெருவில் வாங்கிய, விரல் வைத்தால் மட்டுமே திறக்கும் பென் டிரைவில் பூட்டிவைத்தார். "என் வெரல எவன்டா திருடப்போறான்?" என்று சிரிப்பு வேறு. போன வாரம் வேர்ஹவுஸில் மதியச் சாப்பாட்டுக்கு முன் சரிந்து விழுந்தார்.

அந்த நெட் கம்பெனிக்கு நான்கு மெயில் போட்டாயிற்று. சாவி இல்லாமல் எங்களாலும் திறக்க முடியாது என்று நான்கு முறையும் ஒரே பதில். போய்ச் சண்டை போட மேனேஜர் இல்லை, கவுன்டர் இல்லை, ஒரு ஃபோன் நம்பர்கூட இல்லை. அவன் விசாவும் கேன்சல் ஆகிவிட்டது. இரண்டு வாரத்தில் வெறுங்கையோடு மனைவி அகிலா முன்னால் போய் நிற்க வேண்டும். "அந்தண்ணன் செத்தா நம்ம காசும் கூடவே செத்துருமா? இது என்னங்க கூத்து?" என்று நேற்று ஃபோனில் கேட்டாள். நாளைக் காலை உடம்புக்கு மருந்தேற்றிப் பெட்டியை மூடிவிடுவார்கள். அந்த விரல் புதுக்கோட்டைக்குப் போய்ச் சாம்பலாகிவிடும்.

லுக்மான் குளிர்பெட்டியின் தட்டை இழுத்தார். சக்கரம் கிறீச்சிட்டு, குளிர் புகையாய் இறங்கிக் காலைத் தொட்டது. அண்ணனின் முகம் ஈயப் பாத்திர நிறத்தில் இருந்தது.

"அஸர் தொழுதுட்டு வந்துர்றேன். கால் மணி நேரம். பயமில்லையே தம்பி?"

"இல்ல பாய்."

கதவு மூடியது. குழல் விளக்கின் ரீங்காரம், எங்கோ சொட்டும் தண்ணீர், சுவருக்குப் பின்னால் கம்ப்ரஸரின் உறுமல். அருள்முருகன் லேப்டாப்பைத் தட்டின் ஓரத்தில், அண்ணனின் இடுப்பருகே வைத்துத் திறந்து, பென் டிரைவைச் செருகி, விறைத்த வலது கையைப் பலம் கொண்டமட்டும் இழுத்துப் பெருவிரலை அதிலிருந்த கண்ணாடிமேல் அழுத்தினான். அதன் விளக்கு எரிந்தது.

சிவப்பு.

மறுபடியும். சிவப்பு. குளிர்ந்த விரல் அந்தச் சனியனுக்கு ஆகாது. உயிரோடு இருந்தபோதே ஏசி அறையில் அண்ணன் விரலைத் தேய்த்து ஊதித்தான் வைப்பார்.

அவனும் தேய்த்தான். ஊதினான். தன் வாயின் சூடு அந்தத் தோலில் பட்டுத் தன் முகத்துக்கே குளிராகத் திரும்பியது. மறுபடி அழுத்தினான்.

பச்சை.

திரையில் கோடு ஓடத் தொடங்கியது. 'திறக்கும்வரை விரலை எடுக்காதீர்கள்.' சாவியோடு தன் பிள்ளைகளின் ஆயிரம் போட்டோக்களையும் சேர்த்துப் பூட்டியிருந்தார் மனிதர். பத்து சதவீதம். பதினாறு. விரல் ஆறியது. சிவப்பு. கோடு மறுபடி பூஜ்யத்தில்.

"செத்தும் ஏன்யா என் உசுர எடுக்குற?" என்று கத்திவிட்டான். கத்தியதும் கூசியது. "மன்னிச்சிக்கண்ணே. என் காச மட்டும் குடுத்துருண்ணே."

சட்டைப் பொத்தானைக் கழற்றி அந்தக் கையைத் தன் அக்குளில் வைத்து இடுக்கிக்கொண்டான். பனிக்கட்டியை இடுக்கியதுபோல விலா எரிந்தது. பற்கள் கிட்டித்தன. நூறு எண்ணினான். இன்னொரு நூறு. கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு தன்னைவிட்டு அதற்குள் இறங்குவது தெரிந்தது. விரல் இளகியது.

வைத்தான். பச்சை.

முப்பது. ஐம்பது. எழுபது.

பாக்கெட்டில் மொபைல் அலறியது. அகிலா. சத்தம் வெளியே கேட்டுவிடுமே என்று இரண்டு கையாலும் பிடுங்கி எடுத்து அணைத்தான்.

இரண்டு கையாலும்.

பார்த்தான். விளக்கு பச்சையாகவே இருந்தது. பெருவிரல் கண்ணாடிமேல் இருந்தது. யாரும் பிடிக்காமல். நகம் வெளுத்திருந்தது. அழுத்தினால்தான் நகம் வெளுக்கும்.

ஓட வேண்டும். எண்பத்தெட்டு. ஏழு வருஷம். தொண்ணூற்று மூன்று. முகத்தைப் பார்க்காதே. திரையை மட்டும் பார்.

நூறு. 'விரலை எடுக்கலாம்.'

விரல் எழுந்தது.

அடுத்த வரி வந்தது. 'இன்னொருவர் விரலைச் சேர்க்க வேண்டுமா?'

அவன் மணிக்கட்டை ஒரு கை பற்றியது. சூடான கை. முரட்டுத்தனம் இல்லை, பொறுமையாக இழுத்தது. அவன் பெருவிரலைக் கண்ணாடிமேல் வைத்தது.

சிவப்பு.

மறுபடி வைத்தது. சிவப்பு. அவன் விரல் சில்லிட்டுப் போயிருந்தது. நகம் நீலம். அசைக்கப் பார்த்தான். அசையவில்லை. முழங்கை வரைக்கும் அசையவில்லை.

தட்டின்மேல் உடம்பு மெல்லப் புரண்டு, அவன் கையைத் தன் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டது.