றம்லத் மாமி வீட்டு ஜன்னல் பெயின்ட்

மதியம் ஒன்றே கால். றம்லத் மாமி போட்ட சத்தத்தில் குண்டசாலையின் அந்த லேனே வெளியே எட்டிப் பார்த்தது. அடுத்த வீட்டு பஸ்லினா எட்டிப் பார்க்கவில்லை; நேரே உள்ளே போய்விட்டாள். விடுப்புப் பார்த்து வம்பு அறிகிற விஷயத்தில் அவளுக்கு வெட்கம் கிடையாது.

தங்க மாலையைக் காணோம். நேற்றிரவு கல்யாண வீட்டிலிருந்து வந்து மாமி மேசையில் கழற்றி வைத்தது. காலையில் அறையைப் பூட்டி, சாவியோடு கலகெதரைக்குப் போய் வந்தால் மேசை வெறுமை. பூட்டு, போன மாதம் மாமியின் தம்பி றிஸ்வி வாங்கிப் போட்டது; ஒரு கீறல் இல்லை. மிச்சம் கம்பி போட்ட ஜன்னல்தான். மேசை அதற்குக் கையெட்டும் தூரம்.

ஆகவே, பெயின்ட் அடிக்க வந்த திலீபனைத் தோட்டத்து ஸ்டோருக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டிருந்தார் றிஸ்வி.

"நல்லாக் கண்டீங்களா நானா?" என்று அண்ணன் முறை வைத்து றிஸ்வியைக் கேட்டாள் பஸ்லினா.

"இந்தக் கண்ணால. காலைல ஜன்னல் தொறந்து ஈந்திச்சி. கம்பிக்குள்ளால கைய வுட்டுக்கிட்டு நிண்டான். பொறகு சாத்திட்டான். பொலிஸுக்கும் கோல் எடுத்தாச்சி."

அந்த ஜன்னல்களுக்காக வீட்டில் இரண்டு வாரம் யுத்தமே நடந்தது. பஸ்லினா தன் குசினி அடுப்படியிலிருந்து ஒரு சொல் விடாமல் கேட்டவள். "தண்ணிப் பெயின்ட் அடிங்க, ஒரு மணித்தியாலத்துல காயும், மரம் ஊதினாலும் வெடிக்காது" என்றார் றிஸ்வி. "சாரல் நேரா அடிக்கிற பக்கம். சுரண்டி, பிரைமர், அண்டர்கோட், மேல எண்ணெய் எனாமல் ரெண்டு கை. காய ஒரு ராத்திரி எடுக்கும்" என்றான் திலீபன். மாமி எண்ணெய்ப் பக்கம் சாய்ந்தார், பளபளப்புக்காக. நேற்றுப் பின்னேரம் ஜன்னலுக்குக் கடைசிக் கைப் பூச்சு. இன்று காலை ஸ்டோர் கதவுக்கு.

பிளேன்டீயோடு ஸ்டோருக்குப் போனாள் பஸ்லினா. ஜன்னலில்லாத பொந்து. டர்பன்டைன் நாற்றம் கதவைத் தாண்டி வந்தது.

"அக்கா, நா எடுக்கலங்க. பொலிஸ் கூட்டிக்கிட்டுப் போயிட்டா அப்புறம் எவன் வீட்டுக்குள்ள விடுவான்? மூச்சு முட்டுதுங்க."

தாழ்ப்பாளை நீக்கினாள். கதவு வரவில்லை. காலை ஊன்றி இழுத்தாள். சர்ரென்று கிழிந்துகொண்டு வந்தது. நிலையிலும் கதவோரத்திலும் பெயின்ட் தோலாக உரிந்து தொங்கியது.

"காயாமச் சாத்திட்டாரு அக்கா. ஒட்டிக்கிச்சு."

தேநீர் பாதி அவள் காலில். பஸ்லினா மாமியின் அறை ஜன்னலுக்கு ஓடினாள். பலகைக்கும் நிலைக்கும் நடுவே பெயின்ட் பாலாடைபோல் ஒரே படலமாகப் பிடித்திருந்தது. எங்கும் ஒரு கிழிசல் இல்லை.

"மாமி, நேத்து இத சாத்தினது யாரு?"

"நான்தான் புள்ள. பொழுது படுற மஃரிபு நேரம் தொறந்து வெக்கலாமா? ஷைத்தான் உள்ளுக்கு வருமே."

"விடியுற வரைக்கும் சாத்த வேணாம்னு திலீபன் சென்னதுதானே?"

"சென்னான்தான்... ஷைத்தானுக்கு அது தெரியுமா?"

பஸ்லினா றிஸ்வியைப் பார்த்தாள். "நானா, நேத்து மஃரிபுக்கு ஒட்டின ஜன்னல் இது. மாலை மேசைக்கு வந்தது அதுக்குப் பொறகு. காலைல இத யாரும் தொறந்தீந்தா ஸ்டோர் கதவு மாதிரி உரிஞ்சீக்கணும். அப்ப நீங்க எந்த ஜன்னலக் கண்டீங்க?"

றிஸ்வி வாசலில் நின்ற தன் ஓட்டோ பக்கம் ஓரடி வைத்தார்.

"ஜன்னலால வராட்டி கதவால. பூட்டு வாங்கினா ரெண்டு சாவி தருவாங்க. மாமி கையில ஒண்டுதான். மத்தது?"

றிஸ்வியின் கை சட்டைப் பையைப் பொத்தியது. மாமி முன்னால் வந்தார். தம்பியின் கையை விலக்கிச் சாவியை எடுத்தார். தேடியபோது மாலை றிஸ்வியின் ஓட்டோ சீற்றுக்கு அடியில் இருந்தது.

"நீங்க சென்ன தண்ணிப் பெயின்ட அடிச்சீந்தா மஃரிபுக்கு முந்தியே காஞ்சீக்கும்," என்றாள் பஸ்லினா. "ஜன்னலும் ஒட்டாது. நீங்களும் தப்பிச்சீப்பீங்க."

பொலிஸ் வந்து, ஆளை மாற்றி ஏற்றிக்கொண்டு போனது. திலீபன் பிளேடால் ஜன்னலை விடுவித்து, ஓரங்களுக்கு மறுபடி ஒரு கை பூசிவிட்டு, "விடியிற வரைக்கும் தொடாதீங்கம்மா" என்று கும்பிட்டுப் போனான்.

பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. குசினியில் நின்ற பஸ்லினா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜன்னல் கம்பிக்குள்ளால் ஒரு வளையல் கை, திறந்திருந்த பலகையை நோக்கி மெல்ல நீண்டது.

"மாமீ!"

கை சட்டென்று உள்ளே போனது.