பின்பக்க கேட்டின் தாழ்ப்பாள்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குச் செய்யாறு பஸ்ஸிலிருந்து அமலா ஆரணியில் இறங்கியபோது, குமரேசன் பைக் எஞ்சினை அணைக்காமலே காத்திருந்தான்.

“ஜல்தி ஏறுங்க மேடம். நாலு மணிக்குப் பெத்தவங்க மீட்டிங். அதுக்குள்ள கேட்டைத் தெறக்கிற ஆளைக் கண்டுபிடிக்கலன்னா எங்க ஸ்கூல் ஆயா முனியம்மா அக்காவுக்கு வேலை போயிடும்.”

அமலா தொழிற்பேட்டையில் இருபத்தாறு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர்; குமரேசன்தான் போன் போட்டு வரவழைத்திருந்தான். விபத்து நடந்தால் யார் செய்தது என்று கேட்கமாட்டார், எது எதைத் தள்ளியது என்றுதான் கேட்பார். குமரேசனோ ஆரணி ஓரத்துத் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். பாடம் நடத்துவதில் இருக்கும் பொறுமை அவனுக்குத் துப்பறிவதில் கிடையாது.

“திங்கள், செவ்வாய், வியாழன். மூணு நாளும் மதிய மணிக்கு முன்னாடி பின்பக்க கேட் தெறந்து கெடந்துச்சு. நேத்து ஒண்ணாங்கிளாஸ் தென்னரசு கால்வாய் வரைக்கும் போயிட்டான். டவுன் பஸ் கண்டக்டர் பார்த்து தூக்கிகினு வந்தாரு.”

“முனியம்மா என்ன சொல்றாங்க?”

“ஒன்பது மணிக்கே தாழ்ப்பா போட்டேன், சத்தியம்னு அழுதுகினு இருக்காங்க.”

“புதன்கிழமை?”

“அன்னிக்கு ஒண்ணும் ஆவல. மாசாந்திர பராமரிப்புன்னு நாள் பூரா கரண்ட் இல்ல. எல்லா வகுப்பும் பின்பக்க மரத்தடியில. அத்தனை பேர் பார்க்கிறப்ப எவன் வருவான்?”

அமலா பைக்கில் ஏறி உட்கார்ந்தார்.

தலைமையாசிரியை ஹேமலதா டீ வரவழைத்தார். போன மாதம் பள்ளியில் பாதுகாப்பு வாரம் நடந்ததாம். தீயணைப்பு ஒத்திகை, மணல் வாளி, அவசர வழி எல்லாம் உண்டு. தீப்பிடித்தால் பிள்ளைகள் வெளியேற வேண்டும் என்பதற்காகப் பின்பக்க கேட்டின் பூட்டையும் எடுத்துவிட்டார்கள்.

“எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சோம். ஆனா பெத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணுமே” என்றார் ஹேமலதா.

அமலா தன் டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். டீயின் மேல் சின்னச் சின்ன வட்டங்கள் தோன்றித் தோன்றி மறைந்தன.

“இங்க எப்பவும் இப்படித்தானா?”

“எப்படிங்க?” என்றான் குமரேசன். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை.

முனியம்மாவையும் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். கேட்டைத் தாங்கிய தூண், பள்ளியை ஒட்டியிருந்த ராஜவேலுவின் விசைத்தறிக் கூடத்துச் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. படுக்கை வாட்டத்தில் ஓடும் பழைய தாழ்ப்பாள். அதன் கைப்பிடியை மடக்கி நிறுத்தும் பள்ளம் எப்போதோ உடைந்துபோயிருந்தது. ஆனாலும் புதுப் பச்சை பெயின்டில் பளபளத்தது.

“பிள்ளைங்க பாதுகாப்புக் குழு வேலை மேடம். போன சனிக்கிழமைதான் துருவைச் சுரண்டி, பெயின்ட் அடிச்சு, எண்ணெயும் போட்டாங்க. எண்ணெய் போட்டது என் கிளாஸ் மணிமேகலை” என்றான் குமரேசன் பெருமையாக. சட்டென்று குனிந்தான். “இங்க பாருங்க, பட்டு நூல்! ராஜவேலு ஆளுங்க குறுக்கு வழியில போறாங்க. கேஸ் முடிஞ்சுது.”

“உங்க சட்டையில மூணு இழை இருக்குது. என் புடவையில ரெண்டு. ஆரணியில நூல் சாட்சி சொல்லாது சார்.”

அமலா தாழ்ப்பாளின் மேல் பென்சிலை வைத்தார். பென்சில் மெல்ல உருண்டு, தாழ்ப்பாள் திறக்கும் பக்கமாக விழுந்தது. பிறகு சாக்பீஸால் தாழ்ப்பாளின் மேலும் அதைத் தாங்கும் வளையத்தின் மேலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தார்.

“முனியம்மா, கேட் தெறந்தப்ப ஏதாவது சத்தம் கேட்டுதா?”

“ஒரு சத்தமும் இல்லீங்க. அமைதியாத்தான் இருந்துச்சு.”

குமரேசனும் ஆமாம் என்றான். அமலா முதல்முறையாகச் சிரித்தார்.

பதினொன்றரைக்கு எல்லோரையும் கேட்டருகே கூப்பிட்டார். ராஜவேலு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். “வேலை நேரத்துல பேஜார் பண்றீங்களே.”

“ரெண்டே நிமிஷம். எல்லாத் தறியையும் நிறுத்தச் சொல்லுங்க.”

அவர் குரல் கொடுத்தார். தறிகள் நின்றன.

குமரேசனுக்குக் காதை யாரோ கழுவிவிட்டது போல இருந்தது. எங்கோ ஒரு மைனா கத்தியது. இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்வது தெளிவாகக் கேட்டது. புதன்கிழமை மரத்தடி இரைச்சலில் இது அவன் காதில் படவேயில்லை; பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒன்று நின்றுபோன திகைப்பில் அவன் சுவரைத் தொட்டுப் பார்த்தான்.

“நீங்க யாரும் பொய் சொல்லல. தறிச் சத்தத்துலயே வளர்ந்தவங்களுக்கு அதுதான் அமைதி. நான் வெளியூர்க்காரி, எனக்கு மட்டும் கேட்டுது. இப்ப கோட்டைப் பாருங்க” என்றார் அமலா.

கோடு இரண்டு துண்டாகியிருந்தது. தாழ்ப்பாளில் இருந்த பாதி, ஒரு விரல் அகலம் விலகி நின்றது.

“தறி அடிக்கிற ஒவ்வொரு அடியும் சுவர் வழியா தூணுக்கு வருது. தாழ்ப்பா கொஞ்சம் சாய்வு. அதனால மயிரிழை மயிரிழையா நகருது. மதியத்துக்குள்ள வெளிய வந்துடுது. புதன்கிழமை ஏன் தெறக்கல?”

“கரண்ட் இல்ல!” குமரேசன் கத்தியே விட்டான். “தறி ஓடல! ஆனா மேடம், இத்தனை வருஷமா ஏன் நகரல?”

“துரு புடிச்சிகினு இருந்துச்சு. மேல பூட்டும் இருந்துச்சு.”

ஜன்னலிலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. மணிமேகலை. “நான்தான் மிஸ் எண்ணெய் போட்டேன்.”

அமலா அவளைப் பக்கத்தில் அழைத்தார். “நல்லா போட்டிருக்க. தப்பு எண்ணெயில இல்ல. பூட்டை எடுத்ததும் சரி, எண்ணெய் போட்டதும் சரி. ரெண்டும் சேர்ந்தா என்னாவும்னு பெரியவங்க ஒருத்தரும் பார்க்கல.”

“அப்போ தறியை நிறுத்தணுமா?” ராஜவேலுவின் குரல் இறங்கியிருந்தது.

“வேணாம். தாழ்ப்பாளை நெட்டுக்குத்தா வைங்க. கைப்பிடி பெரியவங்களுக்கு எட்டற உயரத்துல, முனை தரையில குழிக்குள்ள. அவசரம்னா ஒரு கையால தூக்கினா போதும். அதிர்வு அதை நகர்த்தாது, கீழதான் இறக்கும்.”

ராஜவேலு தன் ஃபிட்டரையே அனுப்பினார். மூன்று மணிக்குள் வேலை முடிந்தது. மணிமேகலை மறுபடி எண்ணெய் போட்டாள்.

மீட்டிங் தொடங்கும் முன் ஹேமலதா தட்டச்சு செய்து வைத்திருந்த வேலைநீக்கக் காகிதத்தை நான்காகக் கிழித்தார். “உன்னை நம்பியிருக்கணும் முனியம்மா.”

“பரவால்லீங்க.” முனியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தாழ்ப்பாளைக் குழிக்குள் இறக்கினாள். “இனிமே ராஜவேலு அண்ணன் தறியே எனக்கு வாட்ச்மேன். சம்பளத்துல மட்டும் பங்கு கேக்கக் கூடாது.”

ராஜவேலு வாய்விட்டுச் சிரித்தார். சுவருக்கு அப்பால் தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. இந்த முறை குமரேசனுக்கு அது கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் தாழ்ப்பாள் குழிக்குள் இன்னும் கொஞ்சம் அழுந்தி உட்கார்ந்தது.