கண் திறந்து கொடுத்த படம்

புன்னைக்காயல் கழிமுகத்திலிருந்து தாஜ் முகம்மது எடுத்துவந்த படத்தில் நாற்பத்திரண்டு பூநாரைகள் நின்றன. நாற்பத்திரண்டும் கண்ணை மூடியிருந்தன.

ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம், பறவைக்கும் கண் உறுத்தும். ஆனால் நாற்பத்திரண்டும் பேசி வைத்ததுபோல ஒரே கணத்தில் மூடுமா? பூதக்கண்ணாடியை வைத்து, மூக்கு படத்தில் ஒட்டும் அளவுக்குக் குனிந்து, இரண்டாம் தடவையும் எண்ணினார். கணக்கு மாறவில்லை.

திருநெல்வேலி டவுணில், தெற்கு ரத வீதியில், முன்னால் ஸ்டூடியோவும் பின்னால் வீடுமாக இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். குடும்பப் படம் என்றால் அவர்தான். அழுகிற குழந்தையை மட்டுமல்ல, அழுகிற மாமியாரையும் சிரிக்க வைத்து எடுப்பார் என்று பேர். ஞாயிற்றுக்கிழமையானால் யாஷிகா கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றோடு கிழக்கே போய், உப்பளச் சேற்றில் தொடைவரை புதைந்து நின்று பறவை எடுப்பார். அவர் நிற்கிற நிற்பைப் பார்த்து ஒரு கொக்கு அவர் தொப்பியில் முட்டையிட வந்ததாக ஊரில் பாதிப்பேர் சத்தியம் செய்வார்கள். மீதிப்பேர் அந்த முட்டையையே பார்த்தவர்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் அன்று படத்தைக் கவிழ்த்து வைத்தார். காரணம், பூநாரை முதலாவது அல்ல. முந்தின நாள்தான் அப்பாத்துரை அண்ணாச்சி, பேத்திக்கு மொட்டை போட்ட கையோடு பதினோரு பேரைக் கூட்டிவந்து குடும்பப் படம் எடுத்துப் போயிருந்தார். பதினோரு பேரும், மொட்டைத்தலைக் குழந்தை உட்பட, கண் மூடி இருந்தார்கள்.

"என்னவே பாய், குடும்பப் படம் கேட்டா குடும்பத்தையே தூங்க வச்சிட்டீரே! தாலாட்டு பாடிக்கிட்டு எடுத்தீரோ?" என்று சிரித்தார் அண்ணாச்சி.

தாஜ் முகம்மதுவும் சிரித்துவிட்டுத் திரும்ப எடுத்தார். அதுவும் மூடியது. மூன்றாம் தடவை, "எல்லாரும் முழிச்சுப் பாருங்க!" என்று ரத வீதி முழுக்கக் கேட்கக் கத்தி, பதினோரு பேரும் ஆந்தை மாதிரி முழிப்பதைத் தன் கண்ணால் பார்த்த பிறகே பொத்தானை அழுத்தினார். பிரிண்டில் இருபத்திரண்டு இமைகளும் இறங்கியிருந்தன.

"வாப்பா, தேயிலை."

பதினெட்டு வயசு மகள் ஃபஹ்மிதா டம்ளரை மேசையில் வைத்தாள். மேசைக்கு நாலு விரல் வெளியே வைத்தாள். டம்ளர் விழுந்து உருண்டது.

"ஏளா, பாத்து வைக்கக் கூடாதா?"

"பாத்துத்தான் வச்சேன் வாப்பா." அவள் கண்ணைக் கசக்கினாள். "நேத்தைக்கு விட இன்னைக்கு ரொம்ப மங்கலா இருக்கு. கண்ணுக்கு முன்னால யாரோ வந்து நிக்க மாதிரி ஒரு நெழல். நவுந்தா அதுவும் நவுருது."

கண் டாக்டர் மூன்று விதமான விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல கண்ணைத் தான் பார்த்ததே இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். மனைவி ஜமீலா பீவி போன பிறகு தாஜ் முகம்மதுவுக்கு வீடு என்று மிச்சம் இருந்தது இந்தப் பெண் ஒருத்திதான். அவள் கண் அப்படியே ஜமீலாவின் கண். அது மங்கினால் அவருக்கு இரண்டு பேர் போன மாதிரி.

மங்கல் எப்போது ஆரம்பித்தது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஒன்பது நாள். ஒன்பது நாளுக்கு முன்னால்தான் ஆழ்வார்திருநகரி கோபாலசுப்பிரமணியனுக்குக் கண் திறந்து கொடுத்தார்.

அந்த மனிதர் ஆயுசுக்கும் கேமராவுக்குக் கண் காட்டாதவர். கல்யாணப் படத்தில் மூடியிருந்தார். மகன் பூணூல் படத்தில் மூடியிருந்தார். ஆபீஸில் ஓய்வுபெற்ற அன்று மாலையும் கழுத்துமாக எடுத்த படத்தில், பின்னால் நின்ற பியூன்வரை எல்லாரும் முழித்திருக்க, அவர் மட்டும் மூடியிருந்தார். செத்த பிறகு நாற்காலியில் சாய்த்து எடுத்த படத்திலும் மூடித்தானே இருப்பார்? அவர் சம்சாரம் பாகீரதி மாமிதான் கேட்டாள்: "கண்ணைத் திறந்து குடுத்துடுங்கோ பாய். ஒரு தடவையாவது என்னைப் பாக்கட்டும்."

அது தொழிலில் வழக்கமாகச் செய்கிற வேலைதான். இறந்தவர் படத்தின் நெகட்டிவை, அடியிலிருந்து வெளிச்சம் வரும் சாய்வு மேசையில் வைத்து, இமை மேல் கண் வரைவது. நெகட்டிவ் உலகம் தலைகீழ் உலகம். பென்சிலால் தீட்டிய இடம் பிரிண்டில் வெள்ளை, பிளேடால் சுரண்டிய இடம் பிரிண்டில் கறுப்பு. விழி வெள்ளைக்குப் பென்சில், கருமணிக்குப் பிளேடு. பார்த்து வரைய அந்த மனிதரின் திறந்த கண் உள்ள படம் உலகத்திலேயே ஒன்றும் இல்லாததால், தாஜ் முகம்மது மகளை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தார்.

"அசையாம என்னையே பாரு, ஃபஹ்மி."

அவள் பார்த்தாள். அந்தக் கண்ணைத்தான் அவர் எடுத்துக் கோபாலசுப்பிரமணியனுக்கு வைத்தார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஆழ்வார்திருநகரிக்குப் போனார்.

கூடத்தில் சந்தன மாலையோடு படம் தொங்கியது. ஊதுவத்தி வாசனைக்கு அடியில், பத்து நாள் கழித்தும், படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் புளித்த வாடை அவர் மூக்குக்கு மட்டும் எட்டியது.

"மாமி, படத்தைக் கொஞ்சம் தாங்க. சின்னத் திருத்தம் இருக்கு."

"தர மாட்டேன் பாய்." பாகீரதி மாமி புதுப்பெண் மாதிரி முகம் சிவந்தாள். "நாப்பத்தோரு வருஷமா நிமிந்து பாக்காத மனுஷர், இப்பத்தான் பாத்துண்டே இருக்கார். சமையலுள்ளுக்குப் போனாலும் கண்ணு பின்னாலயே வரது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணுதான் புரியலை. கண்ணாடிக்கு உள்பக்கம் ஈரம் கட்டறது. துடைக்கவும் முடியலை. அவர் அழற ஆளே இல்லையே? அது யார் கண்ணு பாய்?"

தாஜ் முகம்மது நிமிர்ந்து பார்த்தார். விபூதி நெற்றி. ஒட்டிய கன்னம். நடுவில், நீர் கோத்து, பதினெட்டு வயசுக் கண்கள். அவரைக் கண்டதும் அவை அடையாளம் தெரிந்துகொண்டன. கூப்பிடுகிற மாதிரி விரிந்தன.

சிமிட்டின.

டவுணுக்குத் திரும்பி வந்த பஸ் எது, எங்கே இறங்கினார், செருப்பு எங்கே போயிற்று, ஒன்றும் அவருக்குத் தெரியாது. உச்சி வெயில். வீதி முழுக்க அல்வாக் கடை நெய் வாசனை. ஸ்டூடியோவுக்குள் ஓடி, முன்னறையில் சுவரைத் தடவிக்கொண்டு நின்ற மகளைத் தாண்டி, இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"வாப்பா, வந்துட்டியளா?"

"இன்னா வருதேன்மா. அங்கனயே இரி."

சிவப்பு பல்பு. தண்ணீர்க் குழாயின் சொட்டு. உறையில் கோபாலசுப்பிரமணியனின் நெகட்டிவ். படம் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்; வேர் இங்கே இருக்கிறது. வரைந்த கை அழித்தால் போதும். அந்த ஆள் பழையபடி கண்ணை மூடிக்கொள்வான். மகள் கண் மகளுக்கு.

அடிவிளக்கைப் போட்டார். பிளேடை எடுத்தார். வலது கண்ணில் வைத்தார்.

கிர்ர்.

"வாப்பா, கண்ணு உறுத்துது."

"பொறும்மா. சரியாயிரும்."

கிர்ர். கிர்ர். பிலிமின் பூச்சு சாம்பல் துகளாக உதிர்ந்து விரலில் ஒட்டியது. ஈரமாக ஒட்டியது.

"வாப்பா, எரியுது வாப்பா!"

"முடிஞ்சுட்டும்மா! ஒரே நிமிசம்!"

வேகமாகச் சுரண்டினார். இடது கண். ஓரம். மிச்சம் வைக்கக் கூடாது. ஒரு பொட்டுகூட. கிர்ர். கிர்ர். கிர்ர்.

வெளியே சத்தம் நின்றது.

வலி போய்விட்டது போல. யா அல்லாஹ். தாஜ் முகம்மது சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடிவிளக்கை அணைத்தார். மூடிய கண்ணைப் பார்த்துவிட வேண்டும். பார்த்தால்தான் நெஞ்சு அடங்கும். நெகட்டிவைப் படம் பெரிதாக்கும் என்லார்ஜரில் மாட்டி, பேப்பரில் வெளிச்சம் காட்டி, டெவலப்பர் தட்டில் அமிழ்த்தினார்.

தட்டை மெல்ல ஆட்டினார்.

முதலில் நாற்காலி வந்தது. தோள் வந்தது. நரைத்த மீசை. மூக்கு.

கண் இருந்த இடத்தில் இமை வரவில்லை.

இரண்டு குழி. கறுப்பு. பேப்பரில் வேறெங்கும் இல்லாத கறுப்பு. அவர் ஆட்ட ஆட்ட இன்னும் ஆழமாகப் போனது.

சுரண்டிய இடம் பிரிண்டில் கறுப்பு. தொழிலின் முதல் பாடம். முதல் நாள் பாடம்.

கதவு திறந்தது. உச்சி வெயில் மொத்தமும் உள்ளே விழுந்தது. தட்டில் கிடந்த படம் ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வந்தது. விபூதி நெற்றி கறுத்தது. மீசைக்குக் கீழே உதடு கடைசியாகக் கறுத்தது. அது சிரித்துக்கொண்டிருந்தது.

"வாப்பா, கரண்டு போயிட்டா? ஏன் ஊரே இருட்டிக் கிடக்கு?"

ஃபஹ்மிதா வாசலில் நின்றாள். வெயில் அவள் தோளிலும் முடியிலும் எரிந்தது. அவர் மூச்சு கேட்ட பக்கமாக முகத்தைப் பையத் திருப்பினாள். இமைகள் நன்றாகத் திறந்திருந்தன. அவற்றுக்குள் வெள்ளை இல்லை. மணி இல்லை. தட்டில் கண்ட அதே கறுப்பு, உள்ளே, உள்ளே, அடி தெரியாமல்.

அவள் இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள்.

"அசையாம நில்லுங்க வாப்பா. உங்களைத்தான் தேடுதேன்."