மேல் பாகம்

பெஞ்சு சாயவில்லை. பியானோவின் முன் கிடந்த அந்த நீளப் பெஞ்சு வெகுநாளாகவே ஆட்டம் கண்டது. இடது ஓரத்தில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் இறங்கும், வலது ஓரத்தில் அக்கா வந்து அமர்ந்த பிறகுதான் நேராகும். இன்று தங்கை தனியாகத்தான் உட்கார்ந்தாள். பெஞ்சு அசையாமல் இருந்தது. அத்தான் பழுது பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அக்காவை அடக்கம் செய்ததிலிருந்து அவள் எதையும் இரண்டாம் முறை யோசிப்பதில்லை. அழுகைகூட வரவில்லை, உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது.

"சாயங்காலம் வண்டி வந்துரும்மா, பியானோவை ஏத்திட்டுப் போயிடுவாங்க," என்று சமையலறையிலிருந்து அத்தானின் குரல் வந்தது. "அதுக்கு முன்னாடி அந்த ஸ்கெர்ட்சோவை ஒரு தடவை வாசிச்சுடேன்."

"அது நாலு கை வாசிக்கிறது அத்தான். அக்காவோட மேல் பாகம் இல்லாம மொட்டையா இருக்கும்."

"இருக்கட்டும். கேக்கணும் போல இருக்கு."

ஸ்கெர்ட்சோ என்றால் இத்தாலிய மொழியில் வேடிக்கை. மும்மூன்றாகத் துள்ளி ஓடும் இசை. நடுவில் டிரியோ என்று சற்றே அடங்கிய பகுதி. அது முடிந்ததும் முதலில் வாசித்ததே அப்படியே திரும்ப வரும். மெட்டு முழுக்க அக்காவுடையது. தங்கைக்குக் கீழ்ப் பாகத்தின் துள்ளல் மட்டும்.

அவள் வாசித்தாள். வெளியே மழை பிசுபிசுத்தது. மூடிய ஜன்னல்களுக்குள் தூசியும் ஈரத் துணியும் மணத்த அந்த மதிய அறையில், மெட்டில்லாத தாளம் காலியான வீட்டில் யாரோ நொண்டியடிப்பதுபோல் குதித்துக்கொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் மூட்டுவலித் தைலத்தின் வாசனை வந்தது. அக்கா விரல்களில் தடவும் தைலம். அதன் பின்னால், வலப்பக்கம், மிக லேசாக, நகங்கள் கட்டைகளில் படும் உலர்ந்த ஓசை. சுரம் எழவில்லை. நகம் மட்டும்.

மழைதான் என்று சொல்லிக்கொண்டாள்.

டிரியோ வந்தது. அதில் மேல் பாகத்துக்கு நீண்ட ஓய்வு உண்டு. சரியாக அந்த இடத்தில் ஓசை நின்றது.

மழை நிற்கவில்லை.

அவள் வலப்பக்கம் திரும்பவில்லை. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் எங்கோ பக்கத்து வீட்டில் நடப்பதுபோல் இருந்தது. டிரியோவோடு நிறுத்திவிடலாம். எழுந்து போய்விடலாம். விரல்கள் மட்டும் போய்க்கொண்டே இருந்தன.

துண்டில் கையைத் துடைத்தபடி அத்தான் வந்து பியானோவின் அருகில் நின்றார். டிரியோ முடிந்து தொடக்கத்துக்குப் போக, இசைத் தாளைப் பின்னோக்கிப் புரட்ட வேண்டும். அவருக்கு இசைக்குறிப்பில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. கச்சேரிகளில் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் தலையசைத்தால் புரட்டுவார்.

இப்போதும் அவர் தாளைப் பார்க்கவில்லை. தங்கையையும் பார்க்கவில்லை.

புரட்டினார். சரியான இடத்தில்.

துள்ளல் மறுபடி தொடங்கியது. நகங்களும்.

"அத்தான்." அவள் குரல் தட்டையாக வந்தது. "யாரைப் பாக்குறீங்க?"

அவர் யாரோ கிசுகிசுப்பதைக் கேட்பவர்போல் கொஞ்சம் குனிந்தார். முகம் மலர்ந்தது.

"நீ ரொம்ப மெதுவா வாசிக்கிறியாம்."

வேகம் கூடியது. அவள் கூட்டவில்லை. கைகள் கூட்டின.

"அத்தான், என்னால நிறுத்த முடியல."

"நிறுத்தாத. இப்பதான் அவ சிரிக்கிறா."

அவர் பெஞ்சின் வலப்பக்கம் வந்து நின்று, அங்கிருந்த வெற்றிடத்தின் மேல் மெல்லக் கையை வைத்தார், ஒரு தோளின் உயரத்தில்.

கை கீழே இறங்கவில்லை.

அங்கேயே தங்கியது. பிறகு, மூச்சு விடும் ஒன்றின் மேல் கிடப்பதுபோல், மெதுவாக ஏறி இறங்கத் தொடங்கியது.